வெளிநாட்டில் தொழிற்சாலை கட்டலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி

வெளிநாட்டில் தொழிற்சாலை தொடங்கும் முன் இரண்டு கணக்குகள் போட வேண்டும். தொழிற்சாலை அந்த நாட்டில் லாபமாக ஓடுமா என்பது முதல் கணக்கு. அங்கே சேரும் பணத்தில் எவ்வளவு, எப்போது, என்ன மதிப்பில் தாய் நிறுவனத்தின் கைக்கு வந்து சேரும் என்பது இரண்டாவது. முதல் கணக்கில் தேறி இரண்டாவதில் தோற்கும் திட்டங்கள் உண்டு. முடிவை இரண்டாவதை வைத்துத்தான் எடுக்க வேண்டும். பங்குதாரர்களுக்கு டிவிடெண்ட் கொடுக்கவும் கடனை அடைக்கவும் தாய் நிறுவனத்துக்கு உதவுவது கைக்கு வந்த பணம் மட்டுமே.

இதற்கான கருவி நிகர நிகழ்கால மதிப்பு, சுருக்கமாக என்.பி.வி. ஆண்டுக்கு 10% ஈட்டக்கூடிய நிறுவனத்துக்கு அடுத்த ஆண்டு வரும் 110 ரூபாயும் இன்று கையில் உள்ள 100 ரூபாயும் ஒன்றுதான். அந்த 10%தான் தள்ளுபடி விகிதம். வருங்கால வரவுகளை எல்லாம் இப்படி இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டி, போடும் முதலைக் கழித்தால் கிடைப்பது என்.பி.வி. அது பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் திட்டம் மதிப்பைக் கூட்டுகிறது.

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். தாய் நிறுவனம் இருக்கும் நாட்டின் பணத்தைத் தாய் நாணயம் என்றும், தொழிற்சாலை வரப்போகும் நாட்டின் பணத்தை அயல் நாணயம் என்றும் அழைப்போம். இன்று 1 தாய் நாணயத்துக்கு 10 அயல் நாணயம். எக்செலில் கூடவே போட்டுப் பாருங்கள்.

படி 1: போடும் முதல்

இயந்திரம், கட்டடத்துக்கு 800 கோடி அயல் நாணயம். சரக்கு இருப்பு, வாடிக்கையாளர் பாக்கி போன்ற நடைமுறை மூலதனத்துக்கு 200 கோடி. மொத்தம் 1,000 கோடி. தாய் நாணயத்தில் 100 கோடி. சாத்தியக்கூறு ஆய்வுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்ட கட்டணத்தை இதில் சேர்க்கக் கூடாது. திட்டத்தைக் கைவிட்டாலும் அந்தப் பணம் திரும்பாது, ஆகவே முடிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

படி 2: அந்த நாட்டில் வரும் ரொக்கம்

தேய்மானத்துக்கும் (இயந்திரமும் கட்டடமும் ஆண்டுதோறும் இழக்கும் மதிப்பு) வரிக்கும் முந்தைய செயல்பாட்டு லாபம் ஐந்து ஆண்டுகளில் முறையே 300, 360, 400, 440, 480 கோடி என்று வைப்போம். 800 கோடியை ஐந்தால் வகுத்தால் ஆண்டுத் தேய்மானம் 160 கோடி. வரி 25%.

முதல் ஆண்டில் 300-இலிருந்து 160-ஐக் கழித்தால் வரிக்குரிய லாபம் 140, வரி 35. ரொக்கம் 300 − 35 = 265 கோடி. தேய்மானம் ரொக்கமாக வெளியே போவதில்லை, ஆனால் ஆண்டுக்கு 40 கோடி வரியை மிச்சப்படுத்துகிறது. இதே வழியில் அடுத்த ஆண்டுகளுக்கு 310, 340, 370, 400 கோடி. ஐந்தாம் ஆண்டு முடிவில் நடைமுறை மூலதனம் 200 கோடியும், இயந்திரங்களை விற்று வரி போக 100 கோடியும் திரும்புவதாகக் கொண்டால் அந்த ஆண்டின் வரவு 700 கோடி.

கடன் வட்டியை இங்கே கழிக்காதீர்கள். கடனுக்கான செலவு தள்ளுபடி விகிதத்துக்குள் ஏற்கெனவே இருக்கிறது. இங்கேயும் கழித்தால் ஒரே செலவை இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

படி 3: எந்தத் தள்ளுபடி விகிதம்?

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. தாய் நாட்டில் பணவீக்கம் 3%, தள்ளுபடி விகிதம் 10%. அயல் நாட்டில் பணவீக்கம் 8%. அயல் நாணய வரவுகளில் அந்த 8% விலையேற்றம் கலந்திருக்கிறது. ஆகவே விகிதத்திலும் அது இருக்க வேண்டும்: 1.10 × 1.08 ÷ 1.03 = 1.153, அதாவது சுமார் 15%.

15% விகிதத்தில் படி 2-இன் வரவுகளுக்கு என்.பி.வி 248 கோடி அயல் நாணயம். அதே வரவுகளுக்குத் தாய் நாட்டின் 10% விகிதத்தைப் போட்டால் 440 கோடி காட்டும். கூடுதலாகத் தெரியும் 192 கோடி வெறும் பணவீக்கம்; அதில் லாபம் எதுவும் இல்லை. வரவுகள் எந்த நாணயத்தில் இருக்கின்றனவோ, விகிதமும் அந்த நாணயத்துக்கு உரியதாக இருக்க வேண்டும்.

படி 4: தாய் நிறுவனத்தின் கைக்கு வருவது

இன்றைய மாற்று விகிதப்படி 248 கோடி என்பது தாய் நாணயத்தில் ஏறத்தாழ 25 கோடி லாபம். முதல் கணக்கில் திட்டம் நன்றாகவே தேறிவிட்டது. இனி இரண்டாவது கணக்கு.

லாபத்தை வெளியே அனுப்பும்போது அயல் நாடு 10% வரி பிடிக்கிறது என்று வைப்போம். எளிமைக்காக ஆண்டு ரொக்கம் முழுவதையும் அனுப்பி, முழுவதற்கும் இந்த வரி கட்டுவதாகக் கொள்கிறேன். கடைசியில் திரும்பும் 300 கோடி முதலுக்கு இந்தப் பிடித்தம் இல்லை. நிஜத்தில் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. பல நாடுகளின் நிறுவனச் சட்டம் லாபத்திலிருந்து மட்டுமே டிவிடெண்ட் தர அனுமதிக்கும். நம் கணக்கில் ஆண்டுக்கு 160 கோடி தேய்மான ரொக்கம், லாபம் அல்ல என்பதால், அங்கேயே தேங்கிவிடக்கூடும். அதனால்தான் பல நிறுவனங்கள் முதலின் ஒரு பகுதியைப் பங்காகவும் மீதியை அயல் நாட்டில் தொழிற்சாலையை நடத்தும் துணை நிறுவனத்துக்குக் கடனாகவும் கொடுக்கின்றன. கடன் தவணையாக அந்தப் பணம் வெளியே வர வழி கிடைக்கிறது.

அடுத்து மாற்று விகிதம். இரு நாட்டுப் பணவீக்க வித்தியாசத்தை வைத்து ஒரு தொடக்க மதிப்பீடு செய்யலாம். ஒவ்வோர் ஆண்டும் முந்தைய விகிதத்தை 1.08 ÷ 1.03 ஆல் பெருக்கினால் 10.49, 10.99, 11.53, 12.09, 12.67 என்று வரும். வரி போக மிஞ்சும் 238.5, 279, 306, 333, 660 கோடிகளை இவற்றால் வகுத்தால், தாய் நாணயத்தில் 22.7, 25.4, 26.5, 27.5, 52.1 கோடி. 10% விகிதத்தில் இவற்றின் இன்றைய மதிப்பு 112.7 கோடி. 100 கோடி முதலைக் கழித்தால் என்.பி.வி 12.7 கோடி. முதல் கணக்கில் தெரிந்த லாபத்தில் பாதி போய்விட்டது.

படி 5: இழக்கும் ஏற்றுமதி

தாய் நிறுவனம் இதுவரை அந்த நாட்டுக்குப் பொருளை ஏற்றுமதி செய்து ஆண்டுக்கு 4 கோடி வரிக்குப் பிந்தைய லாபம் பார்த்துவந்தது என்று வைப்போம். புதிய தொழிற்சாலை வந்தால் அந்த வரவு நின்றுவிடும். ஐந்து ஆண்டுகளுக்கு அதன் இன்றைய மதிப்பு 15.2 கோடி. கழித்தால் என்.பி.வி மைனஸ் 2.4 கோடி. திட்டம் விழுந்துவிட்டது!

ஆனால் இங்கேயே கோப்பை மூடிவிடக் கூடாது. தொழிற்சாலை கட்டாவிட்டால் அந்த ஏற்றுமதி நீடிக்குமா? அந்த நாடு இறக்குமதி வரியை உயர்த்தலாம், அல்லது போட்டி நிறுவனம் அங்கேயே உற்பத்தி தொடங்கலாம். எப்படியும் இரண்டு ஆண்டுகளில் ஏற்றுமதி நின்றுவிடும் என்றால், திட்டத்தால் இழப்பது முதல் இரண்டு ஆண்டுகளின் 4 கோடிகள் மட்டுமே. அவற்றின் இன்றைய மதிப்பு 6.9 கோடி. என்.பி.வி பிளஸ் 5.8 கோடியாக மாறுகிறது. என் பார்வையில் முழுக் கணக்கிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். விற்பனைப் பிரிவில் இருப்பவர்களை உட்காரவைத்துக் கேளுங்கள். கணக்குப் பிரிவு தனியாக ஊகிக்கக்கூடிய விஷயம் இல்லை.

படி 6: கணக்கை ஆட்டிப் பார்ப்பது

5.8 கோடி எவ்வளவு உறுதியானது? ஒவ்வோர் அனுமானத்தையும் தனியாக அசைத்துப் பாருங்கள்.

கடைசி ஆண்டில் திரும்புவதாகச் சொன்ன 300 கோடி அயல் நாணயம் சுமார் 182 கோடிக்குக் கீழே இறங்கினால் என்.பி.வி மைனஸுக்குப் போகிறது. ஐந்து ஆண்டு ஓடிய இயந்திரங்களை அங்கே யார் வாங்குவார்கள் என்பதை இப்போதே விசாரிக்க இது போதுமான காரணம்.

நாணயம் இன்னும் கூர்மையான ஆபத்து. பணவீக்க வித்தியாசம் தரும் பாதை சீராக இறங்கும். நிஜ நாணயங்கள் சில சமயம் ஒரேயடியாக விழும். 1997 ஜூலை 2 அன்று தாய்லாந்து தன் நாணயமான பாட்டை மிதக்கவிட்டது, அதாவது அதன் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று விட்டது. அதற்கு முன் டாலருக்குச் சுமார் 25 பாட். 1998 ஜனவரியில் 50-ஐத் தாண்டியது. நம் கணக்கில் இரண்டாம் ஆண்டு முதல் ஒரு தாய் நாணயத்துக்குக் கொடுக்க வேண்டிய அயல் நாணயம் 20% கூடினாலே, என்.பி.வி 15.3 கோடி சரிந்து மைனஸ் 9.5 கோடியாகிவிடும். உள்ளூர் விலைகளை உயர்த்த முடிந்தால் அடி குறையும். எவ்வளவு குறையும் என்பது பொருளைப் பொறுத்தது.

அரசியல் ஆபத்துக்காகத் தள்ளுபடி விகிதத்தில் கண்மூடித்தனமாக 5% ஏற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எந்த ஆபத்து, எந்த ஆண்டில், எந்த வரவைத் தொடும் என்று அந்த 5% சொல்லாது. பணத்தை வெளியே அனுப்பத் தடை வரலாம் என்று பயந்தால், மூன்றாம், நான்காம் ஆண்டு வரவுகள் ஐந்தாம் ஆண்டில்தான் வரும் என்று போட்டுப் பாருங்கள். இத்தகைய ஆபத்துகளுக்குக் காப்பீடும் உண்டு. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த, 1988-இல் நிறுவப்பட்ட மிகா அமைப்பு, சொத்துப் பறிமுதல், பணம் அனுப்பத் தடை, போர், ஒப்பந்த மீறல் ஆகியவற்றுக்கு உத்தரவாதம் தருகிறது. காப்பீடு எடுத்தால் பிரீமியத்தை ரொக்கக் கணக்கில் செலவாக எழுத வேண்டும்.

வரிச் சலுகையை நம்பிக் கணக்குப் போடுபவர்கள் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். 2021-இல் உடன்பாடான 15% குறைந்தபட்ச உலக வரி, அதைச் சட்டமாக்கிய நாடுகளில், ஆண்டு வருவாய் 75 கோடி யூரோவும் அதற்கு மேலும் உள்ள குழுமங்களுக்குப் பொருந்தும். அயல் நாடு விட்டுக்கொடுத்த வரியை வேறொரு நாடு வசூலித்துக்கொள்ள முடியும்.

ஐ.ஆர்.ஆர் (என்.பி.வியைப் பூஜ்யமாக்கும் தள்ளுபடி விகிதம்), போட்ட பணம் திரும்பும் காலம் இரண்டையும் கூடவே கணக்கிட்டு வையுங்கள். நிர்வாகக் குழு கேட்கும். ஆனால் கடைசி ஆண்டில் நிலத்தைச் சுத்தப்படுத்தப் பெரிய செலவு வரும் திட்டங்களில் ஐ.ஆர்.ஆர் இரண்டு விடைகள் தரக்கூடும், அப்போது என்.பி.வியை மட்டும் நம்புங்கள்.

படி 7: வேறு வழிகளோடு ஒப்பிடுவது

பூஜ்யத்துக்கு மேல் வந்துவிட்டது என்பதற்காகக் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. அந்த நாட்டு நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் கொடுத்து ராயல்டி வாங்குவது, ஒப்பந்த முறையில் அங்கே உற்பத்தி செய்யச் சொல்வது ஆகியவற்றுக்கும் இதே கணக்கைப் போடுங்கள். இழக்கும் ஏற்றுமதியைக் கழித்த பிறகும் உரிமத்துக்கு 8 கோடி என்.பி.வி கிடைத்தால், 5.8 கோடி தரும் தொழிற்சாலையைவிட அதுவே மேல். அதில் 100 கோடி முதலும் அயல் நாட்டில் முடங்கிக் கிடக்காது.