கோப்பி மரம் தன் மகரந்தத்தை ஏற்குமா? வீட்டிலேயே சோதிக்கலாம்

முதலில் உங்களிடம் நிற்பது எந்தக் கோப்பி என்று பாருங்கள். நுவரெலியாப் பக்கத்து அரபிக்கா என்றால், 44 நிறமூர்த்தம் கொண்ட அது, பை கட்டிவைத்தாலும் தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும். தன்மலடு, அதாவது தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத தன்மை, பார்க்க 22 நிறமூர்த்தம் கொண்ட ரொபஸ்டா வேண்டும். கண்டி, மாத்தளை வீட்டுத் தோட்டங்களில் மிளகுக்குப் பக்கத்தில் பெரிய இலையோடு நிற்கிறதே, அநேகமாக அதுதான். (1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு என்ற பூஞ்சை நோய் அழித்தது அரபிக்காவை, ரொபஸ்டா அதைத் தாங்கும்.)

நல்ல மழை விழுந்து ஒரு வாரம், பத்து நாளில் மொட்டுகள் வெள்ளையாக நீளும். மறுநாள் விடியலில் மலரப்போகிறவற்றை முதல் நாள் பின்னேரமே பிடியுங்கள், விரிந்ததைத் தொடாதீர்கள், தேனீ முந்தியிருக்கும். மூன்று கிளை போதும்: ஒன்று சும்மா, ஒன்றுக்குப் பை மட்டும், மூன்றாவதில் கேசரம் (மகரந்தம் தரும் பகுதி) நீக்கிவிட்டுப் பை. கேசரங்கள் அல்லிக்குழாயில் ஒட்டியிருப்பதால் அல்லியை அடியில் நகத்தால் கீறிக் கழற்றினாலே அவையும் வந்துவிடும், நுனி இரண்டாகப் பிரிந்த தம்பம் மட்டும் நிற்கும், மகரந்தத்தை ஏற்கும் அந்த நுனிதான் குறி.

மறுநாள் காலை இரண்டாவது கிளையின் குறிகளில் அதே மரத்துப் பூவைத் தேய்த்துவிடுங்கள், மூன்றாவதில் வேறு மரத்துப் பூவை. தூரிகை எனக்குப் பிடிக்காது, முந்தைய மரத்துத் தூள் அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

சரி, அந்த 'வேறு மரம்' எது? இங்கேதான் பலருக்குச் சறுக்குகிறது. ஒரே தாய்மரத்தின் தண்டை வெட்டி வளர்த்த கன்றுகள் பத்து ஏக்கர் தள்ளி நின்றாலும் மரபில் ஒரே மரம்தான். மகரந்தத்தில் இருக்கும் தன்மலட்டு மரபணு ஒன்று, தம்பத்தில் இருப்பவை இரண்டு. அந்த ஒன்று இரண்டில் எதோடு பொருந்தினாலும் மகரந்தக்குழாய் சூலகம் வரை போகாது. ஆகவே விதையிலிருந்து வந்த இரண்டு மூன்று மரங்களின் பூக்களைக் கலந்து எடுங்கள். நாற்றுமேடையில் வாங்கிய கன்றென்றால் விதைக்கன்றா, தண்டுக்கன்றா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பூக்களை அன்றைக்கே எண்ணிக் கிளையில் சீட்டுக் கட்டுங்கள். காயை எண்ண இரண்டு மாதமாவது பொறுக்க வேண்டும், அதுவரை பிஞ்சு குண்டூசித் தலையளவில் அப்படியே கிடக்கும்.

பின்னால் சேர்த்தது: நுளம்பு வலையால் மூடியும் ரொபஸ்டா காய்த்ததாக ஒருவர் எழுதியிருந்தார். வலை தேனீயைத்தான் மறிக்கும், ரொபஸ்டாவின் மகரந்தம் காற்றிலும் பறக்கும். பொலித்தீனும் வேண்டாம், உள்ளே வியர்த்துப் பூ அழுகும். ஒயில் பேப்பரில் பை தைத்து, பூ வாடி விழுந்ததும் கழற்றிவிடுங்கள்.