வர்க்கலாவில் அறை எடுக்கும் முன்

கேரளத்துக் கோவளத்தில் தங்கி, அங்கிருந்து கடற்கரை ஊரான வர்க்கலாவை ஒரு பகலில் பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஓர் இரவாவது வர்க்கலாவிலேயே தங்குங்கள். கடலோரக் குன்றின் மேல் நின்று சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கத்தானே போகிறோம்! திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். ரயிலில் போனால் 'வர்க்கலா சிவகிரி' நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம்.

விடுதி குன்றின் மேலா, கீழேயா என்று முதலில் கேளுங்கள். மேலிருந்து மணலுக்கு இறங்கச் செங்குத்தான படிகள். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் உடன் வந்தால் ஜனார்த்தனசுவாமி கோயில் பக்கமே அறை எடுங்கள். அங்கிருந்து பாபநாசம் கடற்கரை வரை சாலையே போகிறது, ஆட்டோவில் இறங்கிவிடலாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் சீற்றமாக இருக்கும், குளிக்கவே வேண்டாம். ஆடி அமாவாசையன்று பாபநாசத்தில் தர்ப்பணக் கூட்டம் அலைமோதும். ஓய்வுக்காகப் போகிறவர்கள் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.