லேசான பெய்ரோனி வளைவுக்கு இழுவைக் கருவி: அளப்பது, அணிவது, பிசகும் இடங்கள்

ஆண்குறிக்குள் விறைப்பு உண்டாக்கும் இரண்டு தண்டுகளை டியூனிகா அல்புஜினியா என்ற உறை போர்த்தியிருக்கிறது. விறைக்கும்போது இது எல்லாப் பக்கமும் சீராக விரிய வேண்டும். ஓரிடத்தில் தழும்பு விழுந்து கெட்டியாகிவிட்டால் அந்தப் பக்கம் விரியாது, குறி அங்கே வளைந்துவிடும். 1743-இல் இதை விவரித்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் பெய்ரோனியின் பெயரால் இதைப் பெய்ரோனி நோய் என்கிறோம். இது புற்றுநோயும் அல்ல, தொற்றுநோயும் அல்ல.

குறியில் மாட்டும் கருவியால் தழும்பை மெல்ல, விடாமல் இழுத்துக்கொண்டிருந்தால் அதிலுள்ள செல்கள், தழும்பின் நார்ப்புரதமான கொலாஜனைச் சிதைக்கும் நொதிகளைக் கூடுதலாக உண்டாக்குகின்றன. பழைய நார்கள் குறைந்து, புதியவை இழுக்கும் திசையில் அடுக்கிக்கொள்கின்றன. இழுவைச் சிகிச்சையின் அடிப்படை இவ்வளவுதான். இது மாதக்கணக்கில் நடக்கும் வேலை. ஒரு வாரம் பலமாக இழுத்து மூன்று மாத வேலையை முடிக்கப் பார்ப்பவர்கள் தோலைப் புண்ணாக்கிக்கொள்வார்கள், அல்லது உறையிலேயே புதிய காயம் உண்டாக்கிக்கொள்வார்கள். பெய்ரோனி வருபவர்களின் திசு, சிறு காயத்துக்கும் பெரிய தழும்பு போடும் வகை என்பதை மறக்கவே கூடாது.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் 110 பேர் கலந்துகொண்டார்கள். ரெஸ்டோர்எக்ஸ் என்ற இழுவைக் கருவியை நாளுக்கு 30 முதல் 90 நிமிடம், மூன்று மாதம் அணிந்தவர்களுக்கு வளைவு சராசரியாக 11.7 பாகை குறைந்தது, நீளம் 1.5 செ.மீ. கூடியது. அணியாதவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மாறவில்லை. பெனிமாஸ்டர் ப்ரோ கருவியை நாளுக்கு 3 முதல் 8 மணி நேரம், 12 வாரம் அணிந்த ஆய்வில் சுமார் 31 பாகை குறைந்தது. இதற்கு நேர்மாறாக, 2009-இல் 15 பேரிடம் கம்பி வகைக் கருவியை ஆறு மாதம் சோதித்ததில் வளைவு 31 பாகையிலிருந்து 27 பாகைக்குத்தான் வந்தது. எல்லாமே சிறிய ஆய்வுகள், கருவியும் நேரமும் வேறு வேறு. 25 பாகை வளைவோடு தொடங்குபவர் பத்து பாகை குறைந்தால் அதை நல்ல பலன் என்று எடுத்துக்கொள்ளலாம். முற்றிலும் நேராகிவிடும் என்று எழுதியிருக்கும் விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

தொடங்கும் முன்

சிறுநீரியல் மருத்துவரைப் பார்க்காமல் கருவி வாங்க வேண்டாம். அவர் கையால் தடவித் தழும்பைக் கண்டறிவார். தேவைப்பட்டால் அல்ட்ராசவுண்ட் எடுத்து அதில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று பார்ப்பார். சுண்ணாம்பு ஏறி இறுகிய தழும்பு இழுப்புக்கு அவ்வளவாக இணங்காது. நடுவில் இடுப்புப் போலச் சுருங்கியிருக்கும் வடிவக் கோளாறையும் இழுவையால் பெரிதாக மாற்ற முடியாது.

நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். வலி இருந்து, வளைவும் மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டிருந்தால் அது தீவிரக் கட்டம். பெரும்பாலும் 6 முதல் 18 மாதம் நீடிக்கும். வலி அடங்கி, மூன்று மாதங்களுக்கு மேல் வளைவு அப்படியே நின்றுவிட்டால் நிலைத்த கட்டம். இரண்டு கட்டங்களிலும் இழுவையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் தீவிரக் கட்டத்தில் குறைந்த விசையோடு, வலி எவ்வளவு அனுமதிக்கிறதோ அவ்வளவுக்கே போக வேண்டும்.

குறியில் உணர்ச்சி குறைந்தவர்கள் இதைத் தாமாகத் தொடங்கவே கூடாது. நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகள் இதில் முதலில் வருகிறார்கள், ஏனெனில் கருவி அழுத்துவது அவர்களுக்குத் தெரியாமல் போகலாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், சிக்கிள் செல் நோய் உள்ளவர்கள், குறியில் புண்ணோ பூஞ்சைத் தொற்றோ இருப்பவர்கள், முன்தோல் பின்னால் நகராதவர்கள், உள்ளே செயற்கை விறைப்புக் கருவி பொருத்தியவர்கள் ஆகியோரும் மருத்துவரிடம் சொல்லாமல் கருவியைத் தொடக்கூடாது. விறைப்பே சரியாக வரவில்லை என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெய்ரோனியோடு விறைப்புக் குறைபாடு அடிக்கடி சேர்ந்தே வரும், அதற்குத் தனி மருந்து உண்டு.

அளவெடுப்பது

பலரும் தாண்டிப்போகும் வேலை இது. முதல் நாள் அளவு இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்து கருவி வேலை செய்ததா, வெறும் மனப்பிரமையா என்று சொல்லவே முடியாது.

நீளத்தை விறைப்பு இல்லாத நிலையில் அளக்க வேண்டும். வளையாத அளவுகோலைக் குறியின் மேல்பக்கம் வைத்து, கொழுப்பு அமுங்கி எலும்பு தட்டும்வரை அடிப்பக்கம் அழுத்துங்கள். குறியின் முனையிலுள்ள மொட்டைப் பிடித்து, வலி வராத அளவுக்கு முழுதாக நீட்டி, நுனிவரை படியுங்கள். எலும்புவரை அழுத்தாமல் எடுத்த அளவு உடல் எடை ஏறி இறங்கினாலே மாறிவிடும். மூன்று முறை அளந்து சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வளைவை முழு விறைப்பில்தான் அளக்க முடியும். நேர் மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுங்கள். கேமரா குறிக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்ந்து எடுத்தால் 20 பாகை 10 பாகையாகத் தெரியும். வளைவுக்கு முன்னும் பின்னும் உள்ள நேர்ப்பகுதிகளின் நடுவே ஒவ்வொரு கோடு போட்டு, முதல் கோட்டின் நீட்சிக்கும் இரண்டாவது கோட்டுக்கும் இடையிலுள்ள கோணத்தைப் பாகைமானியால் படியுங்கள். அரை விறைப்பில் எடுத்த படம் வளைவைக் குறைத்துக் காட்டும். மருத்துவமனையில் ஊசி போட்டு விறைப்பு வரவழைத்து அளப்பதுதான் துல்லியமான வழி. சிகிச்சைக்கு முன் ஒருமுறை அப்படி அளந்துவிடுவது நல்லது. வீட்டில் மாதம் ஒருமுறை அளந்தால் போதும். தினமும் அளப்பது மன உளைச்சலைத்தான் தரும்.

கருவியைத் தேர்ந்தெடுப்பது

கம்பி வகையில் அடியில் ஒரு வளையம், இரண்டு ஸ்பிரிங் கம்பிகள், முன்னால் மொட்டுக்குக் கீழுள்ள பள்ளத்தைத் தாங்கும் ஒரு தாங்கி, அதன்மேல் இறுக்கும் சிலிகான் பட்டை ஆகியவை இருக்கும். கம்பியின் நீளத்தைக் கூட்ட அரை செ.மீ., ஒரு செ.மீ. துண்டுகள் உடன் வரும். பட்டை ஒரே இடத்தில் அழுத்துவதுதான் இதன் பலவீனம். வெற்றிட வகையில் பட்டைக்குப் பதில் மொட்டை ஒரு கிண்ணம் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அழுத்தம் பரவலாக விழுவதால் பலருக்கு நீண்ட நேரம் அணிய முடிகிறது, ஆனால் உறிஞ்சலைக் கூட்டினால் மொட்டில் நீர்க்கொப்புளம் வரும். மூன்றாவது வகை, வளைவுக்கு எதிர்த்திசையில் குறியை மடக்கி வைக்கக்கூடியது. இதை அணியும் நேரம் மிகக் குறைவு, வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒத்துவருவது பெரும்பாலும் இதுதான்.

விசையின் அளவு குறிக்கப்படாத கருவியை வாங்காதீர்கள். ஸ்பிரிங்கில் விசையைக் காட்டும் கோடு சரிதானா என்று சமையலறைத் தராசிலேயே பார்த்துவிடலாம். கருவியைத் தராசின்மேல் நிமிர்த்தி நிறுத்தி, இரண்டு ஸ்பிரிங்கும் அந்தக் கோடுவரை அமுங்கும்படி மேலிருந்து அழுத்துங்கள். தராசு காட்டுவதிலிருந்து கருவியின் எடையைக் கழித்தால் கிடைப்பதுதான் இழுவிசை. ஸ்பிரிங் மாதக்கணக்கில் தளர்ந்துபோகும் என்பதால் இதை அவ்வப்போது திரும்பப் பாருங்கள்.

அணியும் முறை

சிறுநீர் கழித்துவிட்டு, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் குறியில் சுற்றி வையுங்கள். திசு இளகும். துடைத்து நன்றாக உலர்த்துங்கள், ஈரத்தோல் சீக்கிரம் உரியும். எண்ணெய், கிரீம் எதுவும் வேண்டாம், பட்டை வழுக்கும். மொட்டுக்குக் கீழே தானாக ஒட்டிக்கொள்ளும் மென்மையான பேண்டேஜை ஒரு சுற்று தளர்வாகச் சுற்றுங்கள்.

விறைப்பு இல்லாத நிலையில் அடி வளையத்தை மாட்டி உடலோடு சேர்த்து வையுங்கள். இரண்டு பக்கக் கம்பிகளும் ஒரே நீளமாக இருக்கட்டும். மொட்டைத் தாங்கியில் பொருத்தி, வழுகாத அளவுக்கு மட்டும் பட்டையை இறுக்குங்கள். கம்பியின் நீளம் முதலில் உங்கள் நீட்டிய அளவை ஒட்டியே இருக்க வேண்டும். பிறகு ஸ்பிரிங்கைக் குறைந்தபட்ச விசைக் கோட்டுக்கு, பல கருவிகளில் 600 கிராம் அளவுக்கு, கொண்டுவாருங்கள். இழுப்பு தெரிய வேண்டும், வலி தெரியக்கூடாது.

ஐந்தாவது நிமிடத்தில் ஒருமுறை பாருங்கள். மொட்டு வழக்கமான நிறத்தில், தொட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். நீலம் பாய்ந்தாலோ, வெளுத்தாலோ, சில்லிட்டாலோ, மரத்துப்போனாலோ உடனே கழற்றுங்கள். இன்னும் ஐந்து நிமிடம் பார்ப்போம் என்று பொறுத்துக்கொள்ளவே கூடாது. அடுத்த முறை பட்டையைத் தளர்த்திப் பாருங்கள், அப்போதும் அதே நிலை என்றால் அந்தக் கருவி உங்களுக்குப் பொருந்தவில்லை.

கம்பி வகைக்கு முதல் வாரம் நாளுக்கு ஒரு மணி நேரம் போதும், அதையும் இரண்டாகப் பிரியுங்கள். தோல் பழகப் பழக வாரத்துக்கு ஒரு மணி நேரம் கூட்டி, நாளுக்கு நான்கைந்து மணி நேரத்துக்கு வாருங்கள். மணிக்கு ஒருமுறை கழற்றி, பத்து நிமிடம் ரத்தம் ஓட விட்டு, மறுபடி அணியுங்கள். எதிர்மடக்கு வகையில் அரை மணி நேரம் வீதம் நாளுக்கு ஒன்று முதல் மூன்று முறை. அதற்கு மேல் தேவையில்லை. விசையைக் கூட்டுவது மூன்றாவது வாரத்துக்குப் பிறகுதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, விசை அல்லது கம்பியின் நீளம் என்று ஒன்றை மட்டும் கூட்டுங்கள். இரண்டையும் சேர்த்துக் கூட்டிவிட்டால் பிரச்சினை எதனால் வந்தது என்று தெரியாது. கையேட்டிலுள்ள உச்ச வரம்பைத் தாண்ட வேண்டாம். நேரமா விசையா என்று தடுமாறினால் நேரத்தையே கூட்டுங்கள்.

கருவியோடு தூங்கக்கூடாது, எந்த விதிவிலக்கும் இல்லை. தூக்கத்தில் தானாக விறைப்பு வரும். பட்டை இறுகி ரத்த ஓட்டம் நின்றாலும் தெரியாது. விழித்திருக்கும்போது விறைப்பு வந்தாலும் கழற்றிவிட்டு, அடங்கிய பின் அணியுங்கள்.

பிசகும் இடங்கள்

மொட்டு வழுகி வெளியே வருவது அடிக்கடி நடப்பது. எல்லாரும் பட்டையை இன்னும் இறுக்குகிறார்கள், அது தவறு. பெரும்பாலும் கம்பி நீளமாக இருக்கும் அல்லது தோல் ஈரமாக இருக்கும். அரை செ.மீ. குறைத்து, உலர்த்தி, பேண்டேஜைப் புதிதாகச் சுற்றுங்கள். பள்ளத்தில் தோல் சிவந்து, கழற்றிய அரை மணி நேரத்தில் மறைந்தால் கவலையில்லை. மறுநாளும் சிவப்பு இருந்தால் இரண்டு நாள் ஓய்வு. தோல் உரிந்திருந்தால் முழுதாக ஆறும்வரை நிறுத்துங்கள். அடிப்பக்கம் வளையம் குத்தினால் மென்மையான துணியோ ஸ்பாஞ்ச் துண்டோ வையுங்கள், அங்கே முடியைக் குறைத்துக்கொண்டால் இழுபடாது. குறி ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தால் கம்பிகளில் ஒன்று நீளமாகியிருக்கும், இரண்டு பக்கத் திருகுச் சுற்றுகளையும் எண்ணிச் சரிசெய்யுங்கள்.

சிராய்ப்பை விட மோசமானது ஒழுங்கின்மை. திங்கள் ஆறு மணி நேரம், பிறகு வியாழன்வரை ஒன்றுமில்லை என்றால் தோலுக்குக் கேடு, திசுவுக்குப் பலன் கிடையாது. தேதி, நேரம், விசை, தோலின் நிலை ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பதும் அதைத்தான்.

கழற்றிய பிறகும் மரத்துப்போன உணர்வு நீடித்தால், குறி கறுத்து வீங்கினால், உடலுறவின்போது 'டக்' என்ற சத்தத்தோடு விறைப்பு சட்டென்று இறங்கினால், அல்லது விறைப்பு நான்கு மணி நேரம் இறங்காமலிருந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

சிலிகான் பாகங்களைத் தினமும் மென்மையான சோப்பில் கழுவி உலர்த்துங்கள். ஸ்பிரிட்டால் துடைத்தால் சில பிளாஸ்டிக் விரிசல் விடும், கையேட்டைப் பாருங்கள். கூடவே வைட்டமின் ஈ மாத்திரை சாப்பிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் 2015 வழிகாட்டுதல் பெய்ரோனிக்கு அதைத் தர வேண்டாம் என்கிறது. ஒமேகா-3 மாத்திரைக்கும் அதே பதில்தான்.

மூன்று மாதம் ஒழுங்காக அணிந்தபின் முதல் நாளைப் போலவே படமும் நீளமும் எடுத்து ஒப்பிடுங்கள். குறைந்துகொண்டிருந்தால் ஆறாவது மாதம்வரை தொடரலாம். ஐந்து பாகைக்குள்தான் மாற்றம் என்றால் அது அளவெடுப்பதில் வரும் பிழையாகவே இருக்கலாம், நோட்டோடு மருத்துவரிடம் போங்கள். உடலுறவுக்கு இடையூறு இல்லாத லேசான வளைவை அப்படியே விட்டுவிடலாம் என்று அவர் சொல்லக்கூடும். வளைவு கூடி 30 பாகையைத் தாண்டினால் தழும்புக்குள் கொலாஜனேஸ் (கொலாஜனைச் சிதைக்கும் நொதி) ஊசி போடும் வழி இருக்கிறது. அந்த ஊசிக்குப் பிறகும் இழுவையைச் சேர்த்துச் செய்வதுண்டு, ஆனால் ஊசி போட்ட உறை சில வாரம் பலவீனமாக இருக்கும். கருவியை மறுபடி எந்த நாளில், எந்த விசையில் தொடங்குவது என்பதை ஊசி போட்டவரே சொல்ல வேண்டும்.