எண்ணெய் வரத்து நின்றால் எத்தனை நாள்? கணக்கிடும் முறை

இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது. அச்சமூட்டும் இந்த எண் ஆபத்தின் அளவைச் சொல்வதில்லை. ஏறக்குறைய முழுவதையும் இறக்குமதி செய்யும் ஜப்பான், பல மாதங்களுக்கான கையிருப்புடன் இருக்கிறது. ஆகவே நாட்களில் கணக்கிடுங்கள்.

அவசரகாலச் சேமிப்பிலிருந்து தொடங்கலாம். விசாகப்பட்டினத்தில் 13.3, மங்களூருவில் 15, உடுப்பி அருகே பாதூரில் 25 என மொத்தம் 53.3 லட்சம் டன் கொள்ளும் பாறைக் குடைவுகள் உள்ளன. சுற்றியுள்ள நிலத்தடி நீரின் அழுத்தமே எண்ணெய் கசியாமல் காக்கிறது. ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 7.3 பீப்பாய் என்று வைத்தால் இது 3.9 கோடி பீப்பாய். நாளொன்றுக்கு இறக்குமதியாகும் சுமார் 50 லட்சம் பீப்பாயால் வகுத்தால், எட்டு நாள்கூட முழுதாக வராது. அரசு சொல்லும் 74 நாள் என்பது எண்ணெய் நிறுவனங்களின் கிடங்குகளையும் சேர்த்தது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: இவை கொள்ளளவு, இருப்பு அல்ல. பானை எவ்வளவு பெரியது என்பதைவிட அதில் எவ்வளவு அரிசி கிடக்கிறது என்பதே கேள்வி.

அடுத்து, வரைபடத்தை விரித்து ஒவ்வொரு விற்பனையாளருக்கும் வேறு வழி உண்டா என்று பாருங்கள். 2024இல் பாரசீக வளைகுடாவின் வாசலான ஹோர்முஸ் நீரிணை வழியாக நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி பீப்பாய் சென்றது. அதன் மிகக் குறுகிய இடம் ஏறக்குறைய 33 கிலோமீட்டர்தான். சவுதி அரேபியா செங்கடலோர யான்புவுக்கும், ஐக்கிய அரபு அமீரகம் நீரிணைக்கு வெளியே உள்ள ஃபுஜைராவுக்கும் குழாய் அமைத்திருப்பதால் ஓரளவு தப்பிக்க முடியும். குவைத்துக்கும் ஈராக்கின் பாஸ்ரா எண்ணெய்க்கும் அந்த வசதி இல்லை. எனவே மூன்று நாடுகளிடம் வாங்கினாலும், மூன்றும் ஒரே வாசல் வழியாக வந்தால் அதை ஒன்றாகவே எண்ணுங்கள்.

கடல் திறந்திருந்தாலும் தடை வரலாம். ஈரான் மீதான தடையிலிருந்து தந்த சலுகையை அமெரிக்கா நிறுத்தியதும் 2019 மே மாதத்தில் ஈரான் எண்ணெய் நின்றது. 2022க்கு முன் சுமார் 2 விழுக்காடாகவே இருந்த ரஷ்யாவின் பங்கு பின்னர் மூன்றில் ஒன்றைத் தாண்டியது. ரஷ்ய எண்ணெய் தள்ளுபடி விலையில் கிடைப்பது நல்லதுதான், ஆனால் அது இன்னொரு தலைநகரின் முடிவுக்குக் கட்டுப்பட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக டாலர். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்ததால் எண்ணெய் விலை ஏறியபோது, முன்பே நலிந்திருந்த இந்தியாவின் அந்நியச் செலாவணி கரைந்தது; மறு ஆண்டு தங்கத்தை அடகு வைக்க நேர்ந்தது. அன்று கப்பல்கள் வந்துகொண்டுதான் இருந்தன.

இதே கணக்கைச் சமையல் எரிவாயுவுக்கும் தனியாகப் போடுங்கள். அதில் பாதிக்கு மேல் இறக்குமதி; பெரும்பகுதி வளைகுடாவிலிருந்தே வருகிறது.