சின்னக் கடைக்கு வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம்: எங்கிருந்து தொடங்குவது?

சென்னையில் எம்.சி. ரோட்டில் துணிக்கடையோ காசிமேட்டில் மீன் கடையோ சின்னதாக ஒன்று வைத்திருக்கிறீர்கள், இப்போதுதான் போன் வழியாக வாடிக்கையாளரைப் பிடிக்கலாம் என்று யோசிக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்குத்தான். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போஸ்ட் போடுகிற கடை நிறைய இருக்கிறது, கேட்டதற்குப் பதில் சொல்கிற கடைதான் குறைவு. பதில் சொல்கிற கடையாக இருங்கள், ஃபாலோயர் கணக்கெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

1. வாட்ஸ்அப் பிசினஸ்

இன்ஸ்டாகிராமுக்கு முன்னால் இதை முடியுங்கள். ஆப் இலவசம். வீட்டு நம்பரைக் கடைக்குக் கொடுக்காமல் தனி சிம் எடுங்கள். கடையில் லேண்ட்லைன் இருந்தால் அதையே பதிவு செய்யலாம், ஓ.டி.பி.யை எஸ்.எம்.எஸ்.ஸாக அனுப்பாமல் போன் போட்டுச் சொல்லும். முகவரியும் கடை நேரமும் போட்ட பிறகு கேட்டலாகில், அதாவது ஆப்பிலேயே இருக்கும் சரக்குப் பட்டியலில், நன்றாக ஓடுகிற பத்துச் சரக்கை மட்டும் படத்தோடும் விலையோடும் ஏற்றுங்கள்.

அடுத்தது குவிக் ரிப்ளை, அதாவது முன்பே எழுதி வைத்துக்கொள்கிற பதில். இதைப் பலர் தொடுவதே இல்லை, ஆனால் நேரத்தை மிச்சப்படுத்துவது இதுதான். "கடை எங்கே இருக்கு?" என்று எத்தனை பேர் கேட்பார்கள்! எந்த மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கணும், எந்தச் சந்தில் திரும்பணும், வண்டியை எங்கே விடணும் என்று ஒருமுறை பொறுமையாக எழுதி "வழி" என்ற பெயரில் சேமித்துவிட்டால், அடுத்த முறை சாய்கோடு (/) ஒன்று போட்டு "வழி" என்று அடித்தாலே முழுப் பதிலும் வந்து நிற்கும்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புகிற பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரை அவர்களும் சேவ் செய்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். அதனால் பில் போடும்போதே "நம்பரை சேவ் பண்ணிக்கோங்கக்கா, புது டிசைன் வந்தா படம் அனுப்பறேன்" என்று சொல்லிவிடுங்கள். தினமும் காலை வணக்கம் அனுப்புவதை மட்டும் செய்யாதீர்கள், பிளாக் செய்துவிடுவார்கள்.

2. கூகுள் மேப்பில் கடை

கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்று தேடி நீங்களே பதியலாம், அதுவும் இலவசம். காசு கட்டினால் முதலில் காட்டுகிறோம் என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். மழையில் தெருவில் தண்ணீர் நின்று கடை திறக்க முடியாத நாளில் "இன்று விடுமுறை" என்று அங்கே மாற்றிவிட்டால், திருவொற்றியூரிலிருந்து கிளம்பி வருகிற ஒருவருக்காவது அலைச்சல் மிச்சம்.

3. இன்ஸ்டாகிராம்

கணக்கை வியாபாரத்துக்கான புரொஃபஷனல் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள். படத்தைக் கடைக்குள் டியூப்லைட் அடியில் எடுக்காமல், காலை வெயில் ஏறுவதற்குள் வாசலில் பிடித்து எடுங்கள், அரக்கு அரக்காகவே தெரியும். நிறம் மாறிப்போச்சு என்று வருகிற சண்டை பாதி அங்கேயே தீர்ந்துவிடும். புடவை என்றால் முந்தி, பார்டர், உடம்பு மூன்றும் தெரியணும், பிளவுஸ் துணி உண்டா இல்லையா என்று எழுதணும்.

விலையையும் எழுதுங்கள். கமென்ட்டில் "விலை என்ன?" என்று கேட்கிறவரை "இன்பாக்ஸ் வாங்க" என்று இழுப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. கடைக்கு வந்து கேட்பவரிடம் காதோடு காதாகவா விலை சொல்கிறோம்? வெளிப்படையாகச் சொன்னால் ஒருவருக்குச் சொன்ன பதிலை மற்றவர்களும் படிப்பார்கள், வாங்க நினைப்பவர்தான் அடுத்து மெசேஜ் செய்வார்.

4. சரக்கு இல்லாத நாளில்

மீன் கடைக்காரர்களுக்கு இது முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் பக்கம் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, வாடிக்கையாளருக்கும் அது தெரியும். அப்போது பழைய வஞ்சிரம் படத்தைப் போட்டு "இன்று காலை வந்தது" என்று எழுதினால் போட்டவுடனே மானம் போகும். நாட்டுப்படகில் கிடைத்தது எது, மேற்குக் கடற்கரையில் தடை ஜூனில்தான் தொடங்கும் என்பதால் அதுவரை கேரளாவிலிருந்து ஐஸில் வருவது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் தானாக மறைந்துவிடும், அன்றன்றைய விலைக்கு அதைவிட வசதியான இடம் இல்லை.

5. புகார் வந்தால்

அழிக்காதீர்கள். "துவைச்சதும் சாயம் போயிடுச்சு" என்று ஒருவர் எழுதினால் அதன் கீழேயே, "மன்னிச்சிடுங்கக்கா, பில்லோட புடவையைக் கொண்டு வாங்க, மாத்தித் தர்றோம்" என்று எழுதி, சொன்னபடி மாற்றிக் கொடுங்கள். மாற்றித் தர முடியாத சரக்கென்றால் அந்த விதியை விற்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் மூன்று போஸ்ட்டை எப்போதும் மேலேயே நிற்கும்படி 'பின்' (pin) செய்து வைக்கலாம். ஒன்றில் கடைக்கு வழி, ஒன்றில் டெலிவரிக் கட்டணம், மூன்றாவதில் இந்த மாற்றித்தரும் விதி.