நிலவேம்புக் குடிநீர்: காய்ச்சல் காலத்தில் செய்யக் கூடாதவை

பலர் கடையிலேயே தவறிவிடுகிறார்கள். நிலவேம்புப் பொடி வேறு, நிலவேம்புக் குடிநீர்ச் சூரணம் வேறு. சூரணத்தில் நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என 9 சரக்குகள் சம அளவில் சேரும். பொட்டலத்தில் இந்தப் பெயர்களும் காலாவதித் தேதியும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

வெந்நீரில் கலக்கி வடிகட்டினால் போதாது. வேரும் கிழங்கும் கொதித்தால்தான் சாரம் இறங்கும். 5 கிராம் சூரணத்துக்கு 200 மி.லி. தண்ணீர் ஊற்றி, சிறுதீயில் 50 மி.லி.யாக வற்ற வைத்து வடிகட்டுங்கள். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 30 முதல் 50 மி.லி., காலையும் மாலையும். குழந்தைகளுக்கான அளவைச் சித்த மருத்துவர் சொல்லட்டும். காலையில் காய்ச்சியதை இரவுக்கு வைக்காமல், ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகக் காய்ச்சுவதே சரி.

'எதிர்ப்பு சக்தி கூடும்' என்று மாதக்கணக்கில் தினமும் குடிப்பதும் தவறு. நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற வேதிப்பொருள், ஆய்வுக்கூடச் சோதனைகளில் அழற்சியைத் தணிக்கிறது. நோய் எதிர்ப்பை இது கண்டபடி ஏற்றிவிடும் என்பது சரியான புரிதல் அல்ல. கர்ப்பிணிகள் குடிக்கக் கூடாது. ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை, சர்க்கரை அல்லது ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். உடலில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் ஒவ்வாமை என்று கொண்டு உடனே சிகிச்சைக்குப் போக வேண்டும்.

உயிருக்கே ஆபத்தான தவறு டெங்குவில்தான் நடக்கிறது. 2012-இல் டெங்கு பரவியபோது தமிழக அரசே இந்தக் குடிநீரை வழங்கியதால், இது இருந்தால் போதும் என்ற எண்ணம் பலரிடம் ஊன்றிவிட்டது. ஆண்ட்ரோகிராஃபோலைடு டெங்கு வைரஸ் பெருகுவதைத் தடுத்தது, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில். நோயாளியின் உடலில் அதே வேலை நடக்கும் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. குடிநீர் குடித்தாலும் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் ரத்தக்கசிவைக் கூட்டும். கஞ்சி, இளநீர், ஓ.ஆர்.எஸ். கரைசல் என நீராகாரம் தொடர வேண்டும்.

பெரும்பாலும் 3 முதல் 7-ஆம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். 'குடிநீர் வேலை செய்துவிட்டது' என்று வீட்டார் நிம்மதியடைவது அப்போதுதான். ஆனால் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் சரியும் ஆபத்தும் அந்த நேரத்தில்தான் இருக்கிறது. கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கறுப்பு மலம், கை கால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல், அளவுக்கு மீறிய சோர்வு: இவற்றில் ஒன்று தென்பட்டாலும், நள்ளிரவானாலும், மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.