ரேஞ்ச்ஃபைண்டரில் போலரைசரா? முதலில் கண்ணில் வைத்துப் பாருங்கள்

போலரைசர் என்பது பளபளப்பை அடக்கும் லென்ஸ் ஃபில்டர். அதன் சுழலும் வளையத்தில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வையுங்கள். ஃபில்டரைக் கண்ணருகே பிடித்துச் சுழற்றி, பைக்காரா ஏரித் தண்ணீரின் பளபளப்பு அடங்கும்போது பொட்டு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்: இரண்டு மணி முள் பக்கமா, மூன்றா? அப்புறம் லென்ஸில் மாட்டி, பொட்டை அதே இடத்துக்குத் திருப்பினால் போதும். கண்ணில் வைக்கும்போது லென்ஸில் மாட்டும் மரை உள்ள பக்கம் உங்களைப் பார்த்து இருக்கட்டும்; மாற்றிப் பிடித்தால் சர்க்குலர் என்ற வகைப் போலரைசரில் வித்தியாசமே தெரியாது.

ரேஞ்ச்ஃபைண்டர் வகைக் காமிராவின் வியூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் ஜன்னல்) லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. ஃபில்டர் செய்யும் வேலை அதில் தெரியாது. காமிராவைச் செங்குத்தாகத் திருப்பினால் பொட்டும் கூடவே நகர்ந்துவிடும், மறுபடி சரிசெய்ய வேண்டும். கோட்டைவிடுவது பெரும்பாலும் இங்கேதான்.

லைக்கா எம்8, எம்9, எப்சன் ஆர்-டி1 மாதிரி லைவ் வியூ (லென்ஸ் பார்ப்பதைத் திரையில் அப்படியே காட்டும் வசதி) இல்லாத காமிராக்களுக்குத்தான் இந்த வித்தை. லைக்கா எம் 240 வைத்திருப்பவர்கள் திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம். மூடுபனியிலும் சோலைக்காட்டு இருட்டிலும் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) வெளிச்சம் வீணாகப் போகும்.